கிறிஸ்துமஸுக்கு ஆர்கானிக் டீ பெட்டி: எதை வைப்பது, எதை விடுவது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்யாணமாகி வரும் முதல் கிறிஸ்துமஸ். மாமனார் வீடு புதுச்சேரியில். மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை போடுகிறார். மனைவியின் அக்கா பாரிஸ் பக்கத்திலிருந்து டிசம்பரில் வருகிறார். அது போக ஆபீசில் எட்டுப் பேர். “ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துச் சலித்துவிட்டது. ஆர்கானிக் டீ ஐந்தாறு வகை போட்டுப் பெட்டியாகக் கொடுக்கலாமா? எந்த வகை வாங்குவது, ஆர்கானிக் என்று எப்படி நம்புவது, எப்படிப் பேக் பண்ணுவது?” இதுதான் கேள்வி.

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இருந்தேன். இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு தேயிலைக் கடை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஐந்தாறு வகை வேண்டாம் தம்பி, மூன்று போதும். அந்த மூன்றில் ஒன்று பால் ஊற்றிக் குடிக்கிற தூளாக இருக்கட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடை போட்ட முதல் வருஷம், பாலிஷ் போட்ட மரப்பெட்டி பத்து வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஆறு அறை. வெள்ளைத் தேயிலை, கிரீன் டீ, ஊலாங், டார்ஜிலிங், கமோமைல் பூ, மசாலா டீ என்று அறைக்கு ஒன்றாக நிரப்பி, சிவப்பு ரிப்பன் கட்டிப் பத்து வீட்டுக்குக் கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பொங்கலுக்கு லாஸ்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போனால், அந்தப் பெட்டி தையல் மிஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆறு அறையிலும் பட்டன், ஊக்கு, நூல்கண்டு. மசாலா டீ மட்டும் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டதாம். “அந்தப் பச்சைத் தூளைப் பால்ல போட்டுக் கொதிக்க வெச்சேன்பா, ஒரே கசப்பு. மிச்சத்தை எல்லாம் ரோஜாச் செடிக்குப் போட்டுட்டேன்” என்றார் சித்தி. அவர் மேல் தப்பே இல்லை. நாற்பது வருஷமாகப் பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டுக் குடிக்கிறவர் கையில், எப்படிப் போடுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் கொடுத்தவன் நான்தான். ரோஜா மட்டும் அந்த வருஷம் நன்றாகப் பூத்தது என்றார்.

சரி, ஆர்கானிக்குக்கு வருவோம். ஆர்கானிக் என்றால் ருசி கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள். ருசி என்பது மலை, உயரம், பருவம், கிள்ளுகிற கை, தொழிற்சாலையின் பக்குவம் இவற்றைப் பொறுத்தது. சான்றிதழ் உள்ள மட்டமான டீயும் உண்டு, சான்றிதழ் இல்லாத அருமையான டீயும் உண்டு. பிறகு ஏன் ஆர்கானிக் என்றால், தேயிலையில் ஒரு விசேஷம் இருக்கிறது. கீரையை மூன்று தண்ணீரில் அலசித்தான் நம் வீட்டில் ஆய்வார்கள். தேயிலையை யாரும் கழுவுவதில்லை. கிள்ளிய கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்கு வரும். நீளத் தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட வைப்பார்கள். பிறகு உருட்டுவார்கள் அல்லது நசுக்குவார்கள், நிறம் மாறக் காத்திருப்பார்கள், சூட்டில் உலர்த்திச் சலித்து மூட்டை கட்டுவார்கள். இதில் எந்தக் கட்டத்திலும் கழுவல் கிடையாது. இலை முதன்முதலாகக் குளிப்பது உங்கள் டம்ளரில்தான். செடியில் அடித்த மருந்தில் மிச்சம் ஏதாவது இருந்தால், அந்தக் குளியல் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

மருந்து அடிக்காமல் தேயிலை வளர்ப்பது லேசான காரியமும் இல்லை. நீலகிரியில் மழைக்காலம் வந்தால் கொப்புள நோய் வரும். இளங்கொழுந்தில் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பி, கிள்ள வேண்டிய இலையையே கெடுத்துவிடும். அப்புறம் தேயிலைக் கொசு, சிவப்புச் சிலந்தி. ஆர்கானிக் தோட்டக்காரர் தொழுவுரம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, வேப்பெண்ணெய் என்று இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். மகசூல் குறையும், கூலி கூடும். விலை ஏன் அதிகம் என்று மாமியார் வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நம்புவது எப்படி என்றால், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘நேச்சுரல்’, ‘இயற்கை’, ‘பியூர்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்பதெல்லாம் விளம்பர வார்த்தைகள். ‘ஆர்கானிக்’ என்ற வார்த்தைக்குத்தான் சான்று கேட்கிற சட்டம் இருக்கிறது. 2017ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆர்கானிக் என்று போட்டு விற்கும் பாக்கெட்டுக்குச் சான்று வேண்டும். சான்று இரண்டு வழியில் வரும். ஒன்று, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடா நடத்துகிற முறை. அதற்கு ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரை. இன்னொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதிக்கும் பிஜிஎஸ் முறை. இவற்றோடு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். பிஜிஎஸ்ஸில் ‘கிரீன்’ என்று போட்டிருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, முழு ஆர்கானிக் ஆகவில்லை என்று அர்த்தம். தேயிலை மாதிரி வருஷக்கணக்கில் நிற்கிற செடிக்கு அபீடா முறையில் மூன்று வருஷம் மருந்து படாமல் இருந்து காட்டினால்தான் முழுச் சான்று கிடைக்கும்.

மூலிகைக் கலவை வாங்கினால் இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் ஆர்கானிக் என்று இருக்கும். பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் துளசிக்கு மட்டும் ஒரு நட்சத்திரக் குறி, கடைசியில் ‘சேர்க்கப்பட்ட மணமூட்டி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. ஸ்ட்ராபெர்ரி, கேரமல், சாக்லேட் என்று மூக்கைத் துளைக்கிற டீக்களில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும். நான் அவற்றைப் பெட்டியில் வைப்பதில்லை. ஒன்றைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற நல்ல டீயும் மிட்டாய்க்கடை வாசனை அடிக்கும்.

இன்னொரு விஷயம், டீ பை. ஆர்கானிக் இலையை வாங்கி நைலான் முக்கோணப் பையில் கொடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2019ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிளாஸ்டிக் டீ பையைக் கொதிநீர்ச் சூட்டில் ஊறவைத்தால் ஏறக்குறைய 1,160 கோடி நுண்துகள்கள் கோப்பையில் இறங்குவதாகக் கணக்கிட்டார்கள். அதனால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. மருந்து வேண்டாம் என்று காசு கூடக் கொடுத்து வாங்கிவிட்டு, பிளாஸ்டிக்கை ஊறவைத்துக் குடிப்பானேன்? உதிரி இலையாக வாங்கிக் கூடவே ஒரு சின்ன எவர்சில்வர் வடிகட்டி வைத்துக் கொடுங்கள். அது டீ தீர்ந்த பிறகும் அடுப்படியில் கிடக்கும், உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு.

இப்போது எந்த மூன்று என்று பார்ப்போம்.

முதலாவது, பால் டீக்கான தூள். கடையில் நாம் வாங்குகிற உருண்டை உருண்டையான தூளுக்கு சிடிசி என்று பெயர். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் மிஷினில் வருவது. சாயம் சீக்கிரம் இறங்கும், பாலைத் தாங்கும். ‘பரிசுக்குப் போய் சிடிசியா’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நம் ஊரில் பத்தில் ஒன்பது வீட்டில் காலையில் குடிப்பது அதுதான், பெட்டியில் முதலில் தீரப்போவதும் அதுதான். ஆர்கானிக் சிடிசி அசாமிலும் கிடைக்கிறது, நம் மலையிலும் கிடைக்கிறது. அசாம் என்றால் திடம் அதிகம், நீலகிரி என்றால் மணம் கொஞ்சம் தூக்கல். பாலைக் குறைவாக ஊற்றுகிற வீட்டுக்கு நீலகிரியே போதும்.

இரண்டாவது, பால் இல்லாமல் குடிக்கிற முழு இலை. இதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர், இலையை நசுக்காமல் உருட்டிச் செய்வது. இதில் பருவத்தைப் பார்க்க வேண்டும். டார்ஜிலிங்கில் முதல் பறிப்பு பிப்ரவரிக் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை போகும், இரண்டாவது மே, ஜூனில், கடைசிப் பறிப்பு அக்டோபர், நவம்பரில். ஆக டிசம்பரில் புதுசாக வருவது அந்தக் கடைசிப் பறிப்புதான். கொஞ்சம் செம்பு நிறம், துவர்ப்பு குறைவு, புதிதாகப் பழகுகிறவருக்கு ஏற்றது. ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’, அதாவது முதல் பறிப்பு என்று டிசம்பரில் யாராவது பெருமையாக நீட்டினால், அது எட்டு மாதப் பழசு என்று மனசில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நீலகிரியில் வருஷம் முழுக்கக் கொழுந்து கிள்ளுவார்கள். ஆனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரவில் உறைபனி இறங்கும்போது செடி மெதுவாகத் துளிர்க்கும். அந்தக் கொழுந்தில் செய்கிற ‘ஃப்ராஸ்ட் டீ’க்குத் தனி மணம். கிறிஸ்துமஸுக்குள் அது கைக்கு வருவது கஷ்டம், பொங்கலுக்கு மேல்தான் பார்க்க முடியும். மேல் பவானி போகிற வழியில் கோரகுந்தாவில் ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் ஆர்கானிக் தேயிலை போடுகிறார்கள். அந்த உயரத்து இலையைப் பால் இல்லாமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலை மலையில் ஊத்து எஸ்டேட்டும் ஆர்கானிக்குக்குப் பேர்போனதாக இருந்ததுதான். 1929ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை, குத்தகை முடியும் முன்பே 2024ல் அங்கே வேலை நின்றுவிட்டது. அந்தப் பெயர் போட்ட பாக்கெட் எங்கேயாவது கண்ணில் பட்டால் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த இரண்டாவது இடத்தில் கிரீன் டீ வைக்கலாமா என்று கேட்பீர்கள். அவர் ஏற்கனவே குடிக்கிறவர் என்றால் வையுங்கள். இல்லையென்றால் அது சித்தி வீட்டு ரோஜாவுக்குத்தான். வெள்ளைத் தேயிலையும் அப்படியே. விலை உச்சத்தில் இருக்கும், ருசி மெலிசாக இருக்கும். பழகாதவர் “வெந்நீர் மாதிரி இருக்கே” என்பார், உங்களுக்கு வயிறு எரியும்.

மூன்றாவது, மூலிகை. சட்டக் கணக்கில் இது டீயே இல்லை. கேமெல்லியா சினென்சிஸ் என்கிற தேயிலைச் செடியில் இருந்து வந்தால்தான் டீ. கருப்பு, பச்சை, ஊலாங், வெள்ளை எல்லாம் அந்த ஒரே செடிதான், பக்குவம் மட்டும்தான் வேறு. துளசி, எலுமிச்சைப் புல், செம்பருத்தி, சங்குப்பூ எல்லாம் கஷாயம். பிரெஞ்சுக்காரர்கள் இதில் தெளிவு, இதைத் தீசான் என்பார்கள், மறந்தும் டீ என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் மாமனாருக்கும் அந்த வார்த்தை தெரிந்திருக்கும். கஷாயம் என்றால் முகத்தைத் திருப்புகிறவர்கூட தீசான் என்றால் டம்ளரை நீட்டுவார். புதுச்சேரியில் இது நடக்கும்.

ஆனால் மாமனார் மாத்திரை போடுகிறவர் என்பதால் மூலிகையில்தான் அதிகக் கவனம் வேண்டும். டீ என்றால் பயப்படுகிறவர்கள் மூலிகை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார்கள். அதிமதுரம் பிரஷரை ஏற்றும். இனிப்பாக இருப்பதால் சர்க்கரை இல்லாத கலவைகளில் அதைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். செம்பருத்தி என்று விற்கிற சிவப்புக் கஷாயம் பிரஷரை இறக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் தலை சுற்றலாம். இன்னொன்று, அந்தச் செம்பருத்தி பெரும்பாலும் நம் வீட்டு வாசல் செம்பருத்தி கிடையாது, புளிச்சக்கீரை இனத்துப் பூவின் சிவப்புப் புல்லிதழ். புளிப்பு அதனால்தான். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் தாழ்ந்து போகலாம். ‘உடம்பு இளைக்க’ என்று விற்கிற கலவைகளில் நிலாவரை இருக்கும், அது பேதிக்குக் கொடுக்கிற சரக்கு. அதைப் பரிசாகக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்கு மறுபடி எந்த முகத்தோடு போவது? ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. இருக்கட்டும். மருந்து என்று சொல்லி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அது டாக்டரும் அவரும் பேசிக்கொள்ள வேண்டியது. எலுமிச்சைப் புல், இஞ்சி, புதினா, இவற்றில் ஒன்று அல்லது இரண்டு சேர்ந்த எளிய கலவை போதும். காஃபின் இல்லை, ராத்திரி பைபிள் வாசித்துவிட்டுப் படுக்கும் முன் ஒரு டம்ளர் குடிக்கலாம், தூக்கம் கெடாது. கிரீன் டீயில் காஃபின் கிடையாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. இருக்கிறது. சாயங்காலத்துக்கு மேல் பெரியவர்களுக்கு அது வேண்டாம்.

சங்குப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை. வேலியில் படர்கிற நம் ஊர்ப் பூதான். காய்ந்த பூ நாலைந்தை வெந்நீரில் போட்டால் மைபோல நீலமாகும், எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்காது. ஆபீசில் குழந்தை உள்ளவர்களுக்கு மூலிகைக்குப் பதிலாக இதை வைத்துப் பாருங்கள்.

அளவு சின்னதாக இருக்கட்டும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலை போதும், 50 கிராம் பாக்கெட்டில் 25 கோப்பை வரும். இரண்டு பேர் தினம் ஒன்று குடித்தாலும் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும், தீர வேண்டும். மாமனார் வீட்டுக்கு சிடிசி 250 கிராம், முழு இலை 50, மூலிகை 50. ஆபீசுக்கு சிடிசி 100, மற்றதில் ஏதாவது ஒன்று 25 அல்லது 50. எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி வையுங்கள், இல்லையென்றால் லஞ்ச் டைமில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சின்ன பாக்கெட் என்று நான் அடித்துச் சொல்வதற்கு நம் ஊர்க் காற்றுதான் காரணம். தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது தேயிலையில் 3 சதவீத அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கு மழை. அந்த நாட்களில் அடுப்படி உப்பு ஜாடியைப் பாருங்கள், உப்பு கசிந்து நிற்கும். அதே காற்றைத்தான் தேயிலையும் குடிக்கிறது. ஒரு இலையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அழுத்துங்கள். நொறுங்கினால் நல்லது. ரப்பர் மாதிரி வளைந்தால் அது ஈரம் வாங்கிவிட்டது, மணம் போய்விட்டது, இன்னும் கொஞ்ச நாளில் பூஞ்சை பிடிக்கும். உங்கள் பரிசுக் காலம் முழுக்க இந்த மழைக்குள்தான் வருகிறது. அதனால் கம்பெனி ஒட்டிய அலுமினியப் பாக்கெட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். சண்டே மார்க்கெட்டில் அழகழகான கண்ணாடி ஜாடி கிடைக்கிறதே என்று கொட்டி நிரப்பினால், ஈரத்தோடு வெளிச்சமும் சேர்ந்து இலையைக் கெடுக்கும். அதோடு பாக்கெட்டைப் பிரித்த நிமிஷமே முத்திரை, தேதி, உரிம எண் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். அப்புறம் அது ஆர்கானிக் என்பதற்கு உங்கள் வாய்தான் சாட்சி.

ஈரத்தைவிடப் பெரிய எதிரி வாசனை. தேயிலை பக்கத்தில் இருக்கிற எதையும் உறிஞ்சும். மல்லிகை டீ என்பதே அப்படிச் செய்வதுதான், பச்சைத் தேயிலையும் மல்லிகைப் பூவும் ராத்திரி முழுக்க அடுக்கு அடுக்காகக் கிடந்தால் காலையில் இலையில் பூ மணம் ஏறியிருக்கும். அதே குணம் நமக்கு வினையாகவும் வரும். புதுச்சேரியில் டிசம்பரானால் எல்லாக் கடையிலும் ஒரு பரிசுக்கூடை அடுக்கியிருப்பார்கள்: ஊதுபத்தி, வாசனை மெழுகுவத்தி, கையால் செய்த சோப்பு, நடுவில் ஆர்கானிக் டீ, மேலே கண்ணாடித்தாள். பார்க்க லட்சணம். ஒரு வருஷம் எனக்கே அப்படி ஒன்று வந்தது. நல்ல டார்ஜிலிங். ஆனால் அட்டை டப்பா, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறை, சரியாக ஒட்டவும் இல்லை. வெந்நீர் ஊற்றியதும் வெட்டிவேர் சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி ஒரு மணம் கிளம்பியது. வீட்டில் ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுல கை கழுவலாம்” என்றார்கள். புது மரப்பெட்டியின் வார்னிஷ் நாற்றத்துக்கும் இதே கதிதான். கொடுக்கும்போது, பெருங்காயம், கற்பூரம், கருவாடு இருக்கிற அலமாரியில் வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் வீடு என்றால் இரண்டு தடவை சொல்லுங்கள்.

அப்படியானால் எதில் வைத்துக் கொடுப்பது? மூன்று பாக்கெட்டும் கொள்கிற அளவில், மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம் ஒன்று. பாத்திரக் கடையில் சுலபமாகக் கிடைக்கும், டீ தீர்ந்தாலும் வீட்டுக்கு உதவும். அதைச் சுற்ற, புதுச்சேரி எஸ்.வி. பட்டேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதம் இருக்கிறது, பூவிதழ் பதித்த தாளில் சுற்றினால் வேறு அலங்காரமே வேண்டாம். மாமனார் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடச் செலவு செய்யலாம் என்றால், திருக்கனூர் காகிதக்கூழ்ப் பெட்டி ஒன்று வாங்கிச் சம்படத்தை அதற்குள் வையுங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. சம்படத்துக்குப் பக்கத்தில் உப்பு மட்டும் போட்டு வறுத்த பண்ருட்டி முந்திரி ஒரு பாக்கெட். மிளகு, பூண்டு போட்டது வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். கேக் வைக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் ரவையும் ரம்மில் ஊறிய பழமும் போட்ட விவிகம் கேக் அவர்களே செய்திருப்பார்கள். உங்கள் டீ அதற்குத் துணையாக இருக்கட்டும்.

கடைசியாக, நான் சித்திக்கு வைக்காத சீட்டு. கையால் எழுதுங்கள். அதில் முதல் வரி தண்ணீரைப் பற்றி இருக்க வேண்டும். நம் கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. கடையில் ஒருவர் “நீங்க கொடுத்த இலை கலங்குதுங்க” என்று திருப்பிக் கொண்டுவந்தார். அவர் எதிரிலேயே அவர் வீட்டுத் தண்ணீரில் ஒரு டம்ளர், கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் போட்டேன். முதல் டம்ளரில் மேலே ஆடை மாதிரி ஒரு படலம், அடியில் சேற்று நிறம், வாசனையே இல்லை. இரண்டாவதில் தேன் நிறம், டம்ளரின் அடி தெரிந்தது. ஒரே பாக்கெட், ஒரே அளவு. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் தேயிலையின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. பால் ஊற்றினால் இது தெரியாது, பால் இல்லாத டீயில் அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்த வரி சூடு. சிடிசிக்குச் சொல்லவே வேண்டாம், அவர்கள் போடுகிறபடி போடட்டும். முழு இலைக்குத் தளதளவென்று கொதித்த தண்ணீரை இலை மேல் ஊற்றி, மூடி, 3 நிமிஷம் வைத்து வடிகட்டினால் போதும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடக் கூடாது. கிரீன் டீ என்றால் 80 டிகிரிதான் தாங்கும், அதற்கு மேல் போனால் கசப்பு. தெர்மாமீட்டர் யார் வீட்டில் இருக்கிறது? கொதித்த தண்ணீரை டவராவில் ஊற்றி, டவராவிலிருந்து டம்ளருக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றலுக்கும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும், இரண்டு முறை ஆற்றினால் 80 வந்துவிடும். பிறகு இலையைப் போட்டு 2 நிமிஷம். மூலிகைக்குக் கொதிநீரே வேண்டும், 5 நிமிஷத்துக்குக் குறையாமல் மூடி வைக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து டீ வேண்டாம், இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். திறந்த பாக்கெட்டைக் கிளிப் போட்டுச் சம்படத்துக்குள்ளேயே வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் வேண்டாம். எடுத்து எடுத்து வைக்கையில் வேர்த்து ஈரமாகிவிடும். இவ்வளவும் ஒரு போஸ்ட்கார்டு அளவில் அடங்கும்.

பாரிஸ் அக்காவுக்கு என்ன கொடுப்பது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அவருக்குச் சிடிசி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அங்கே தேடினாலும் கிடைக்காமல் ஏங்குவது நம் ஊர் டீக்கடை ருசிக்குத்தான். அதோடு நீலகிரி முழு இலை ஒரு பாக்கெட். டார்ஜிலிங் பாரிஸில் கடைக்குக் கடை கிடைக்கும், இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பால்பவுடர் கலந்த ‘இன்ஸ்டன்ட் மசாலா டீ’ மட்டும் கண்டிப்பாக வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளைப் பெட்டியில் கொண்டுபோக அனுமதி இல்லை, விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். ஏலக்காய், சுக்கு, பட்டை இடித்த மசாலாப் பொடியைத் தனியாகச் சின்னப் பாக்கெட்டில் ஒட்டிக் கொடுங்கள், அங்கே பாலை அவர் ஊற்றிக்கொள்வார். அவர் பாக்கெட்டுக்குள் சீட்டு வேண்டாம். தீசான் போடுவதில் அவர் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பாடம் எடுப்பார்.

ஆர்டரைக் கார்த்திகைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். புயல் ஏதாவது வந்து கூரியர் நின்றால், கடைசி நேரத்தில் அந்த ஊதுபத்திக் கூடையைத்தான் வாங்க வேண்டிவரும்.